கிணற்றில் விழாத கனகவேணி

கனகவேணி செத்துப்போனது இந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இனிமேல் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சாமியாத்தாள் அடுப்படியில் நின்று இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் அரிசியும் பருப்பும் சேர்த்து வைத்த சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே டாக்கீஸ்காரர்களின் மாட்டுவண்டி பேண்டு வாசித்துக்கொண்டு ஊர்ந்தது. வண்டியின் இரண்டு பக்கமும் கட்டிய தட்டிகளில் ஒரு பெண் தலைவிரி கோலமாக நின்றாள். லட்சம் பேர் படித்து உருகிய ‘கனகவேணி’ நாவல் இப்போது பேசும் படமாகக் கோயமுத்தூருக்கே வந்துவிட்டது என்று வண்டிக்காரன் தொண்டை கிழியக் கூவினான்.

“ஏனுங் சாமியாத்தாக்கா, நம்ம கனகவேணி வந்திருக்கறாளாமா.”

எதிர்வீட்டு முத்தாத்தாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். ஏதோ கல்யாணமாகிப் போன தங்கச்சி பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி அவள் முகம் பூரித்திருந்தது. சாமியாத்தாள் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்தாள்.

அவள் தாராபுரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். பஞ்சுத் தரகு பார்க்கும் பாலுசாமியைக் கட்டிக்கொண்டு பாப்பநாயக்கன்பாளையத்துக்கு வந்த பிறகு, அந்தத் தெருவிலேயே எழுத்துத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை ஆனாள். மத்தியானச் சோறு ஆனதும் ஏழெட்டுப் பெண்கள் அவள் வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் வந்து உட்காருவார்கள். ஒருத்தி கடலை உரிப்பாள், ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், சாமியாத்தாள் நாவல் படிப்பாள். அவளை யாரும் ஒரு ஆளாக மதித்துக் கேட்பது அந்த ஒரு பொழுதுதான். மற்ற நேரமெல்லாம் அவள் பாலுசாமி சம்சாரம்.

‘கனகவேணி’யை எடுத்த முதல் நாளே சங்கடம் வந்தது. கதையில் கும்பகோணத்து வக்கீல் வீட்டில் அக்காரவடிசல் பரிமாறினார்கள். முத்தாத்தாள் கையை உயர்த்தி அது என்ன பண்டம் என்று கேட்டாள். சாமியாத்தாளும் அதைத் தின்றதில்லை. அன்றைய படிப்பு அதோடு முடிந்து, பண்டத்தைப் பற்றிய பேச்சே நடந்தது. மறுநாள் அதே இடம் வந்தபோது சாமியாத்தாள் கச்சாயம் என்று படித்தாள். எல்லாருக்கும் நாக்கில் வெல்லம் ஊறியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் கதாநாயகன் சேஷாத்திரி சேமலை ஆனான். கல்யாணத்தை ஐயருக்குப் பதில் அருமைக்காரர் நடத்தி வைத்தார். மாமன் சீர் வந்தது. கும்பகோணம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தாராபுரத்துக்குப் பக்கம் வந்து நின்றது. இதெல்லாம் பொய் என்று சாமியாத்தாளுக்குத் தோன்றவில்லை. ஒறம்பரையாக வீட்டுக்கு வந்தவளுக்கு நம் வீட்டுச் சேலை ஒன்றைக் கொடுத்து உடுத்தச் சொல்வதில்லையா?

ஆனால் கடைசி அத்தியாயம் வேறு.

அதில் சேமலை இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறான். மாமியார் கனகவேணியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். கனகவேணி கிணற்றடிக்குப் போகிறாள். சாமியாத்தாள் முந்தின இரவே படித்து அழுது முடித்திருந்தாள். அதனால் மத்தியானம் தொண்டை தெளிவாகத்தான் இருந்தது. படிக்க உட்கார்ந்தபோது, அதுவரை அந்தப் பக்கமே வராத மயிலாத்தாள் வாசற்படி ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

மயிலாத்தாளை உடுமலைப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் தள்ளி வைத்துவிட, அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. யாரோடும் பேச மாட்டாள். தண்ணிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். கையில் குடம் இல்லாததைச் சாமியாத்தாள் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

‘கனகவேணி கிணற்றின் விளிம்பில் ஏறினாள்’ என்று புத்தகத்தில் இருந்தது. சாமியாத்தாளின் வாய் ஏறவில்லை. கனகவேணி கயிற்றை விட்டுத் தண்ணி சேந்தினாள் என்று படித்தாள். முகத்தைக் கழுவினாள், இரண்டு கை அள்ளிக் குடித்தாள், ரயிலடிக்கு நடந்தாள் என்று படித்தாள். அதற்கு மேல் கதை தானாகவே ஓடியது. கனகவேணி கோயமுத்தூருக்கு வந்து இரண்டு எருமை வாங்கித் தயிர் வியாபாரம் செய்தாள். வருஷங்கள் கழித்துச் சேமலை இளைத்துக் கறுத்து அவள் வாசலில் வந்து நின்றான். அவள் அவனைத் திட்டவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்து, வெயில் தாழக் கிளம்புங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முத்தாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்து, அந்த மோரில் உப்புப் போட்டாளா என்று கேட்டாள். போடவில்லை என்றாள் சாமியாத்தாள். அதுதான் சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்று வாய் ஏன் அப்படித் திரும்பியது என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து மயிலாத்தாள்தான் முதல் ஆளாக வந்தாள். வாசற்படியிலிருந்து ஆசாரத்துக்குள்ளேயும், பிறகு தூணுக்குப் பக்கத்திலேயும் வந்து உட்கார்ந்தாள். போன வாரம் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள்.

இப்போது டாக்கீஸில் போய்க் கனகவேணி கிணற்றில் விழுவதைப் பார்த்தால் என்ன ஆகும்? இனி ஆசாரத்துக்கு யார் வருவார்கள்? முத்தாத்தாள் ஏமாற்றிப்போட்டாள் என்பாள், அதைத் தாங்கிக்கொள்ளலாம். மயிலாத்தாள் மறுபடியும் வாசற்படிக்கே போய்விட்டால்?

முதலில் சாமியாத்தாள், அது வேறு கனகவேணியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். முத்தாத்தாள் உடனே வண்டியின் பின்னால் ஓடி விசாரித்துவிட்டு வந்தாள். அதே நாவல்தான், நாவல் எழுதினவரே படம் பார்த்துப் பாராட்டினாராம்.

டாக்கீஸ் பெஞ்சில் மூட்டைப்பூச்சி என்றாள் அடுத்து. வீட்டில் இல்லாத மூட்டைப்பூச்சியா என்று கேட்டார்கள்.

கடைசியாக அவள் புருஷனின் கஞ்சத்தனத்தை நம்பினாள். ராத்திரி பாலுசாமி சாப்பிட உட்கார்ந்ததும், தெருப் பெண்கள் எல்லாம் டாக்கீஸுக்குப் போக ஆசைப்படுகிறார்கள், நீங்கள் கொஞ்சம் கண்டித்துச் சொன்னால் அடங்கிவிடுவார்கள் என்றாள். அன்றைக்கென்று பஞ்சு விலை ஏறியிருந்தது. பாலுசாமி அடிப்பிடித்த சோற்றையே ருசித்துத் தின்றான்.

“ஏம்புள்ள, நீ படிச்ச கதையாமே. பஞ்சுப்பேட்டையில சுப்பண்ணன்கூட நீ படிக்கறதப் பத்திப் பேசறாரு. அவரு ஊட்ல மோரு கதையத்தான் தெனமும் சொல்றாங்களாமா. நானே வண்டி கட்டித் தாரேன், எல்லாரும் போய்ட்டு வாங்க.”

பத்து வருஷக் குடித்தனத்தில் அவன் அவளைப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு இரண்டு கூண்டுவண்டிகள் போயின. முத்தாத்தாள் கச்சாயம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். கனகவேணி வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போகலாமா என்றாள். டாக்கீஸ் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நாவலையே வைத்து ரோஜா மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் அதைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். மயிலாத்தாள் மட்டும் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

படம் ஆரம்பித்தது. மடிசார் கட்டிய ஒரு குண்டு அம்மாள் வீணையோடு உட்கார்ந்து பாடினாள். பெண்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் கூட வந்த பூவாத்தாள் மெதுவாக, இந்த அம்மா யார், கனகவேணி எப்ப வருவாள் என்று கேட்டாள்.

அதுதான் கனகவேணி என்று சாமியாத்தாள் சொல்ல வேண்டியதாயிற்று.

“நம்ம கனகவேணி களை வெட்டுன கையில்லீங்களா? இதென்னொ வெண்ணெக்கட்டியாட்ட இருக்குது.”

“சேமலை எங்கீங்க்கா?”

குடுமியும் பஞ்சகச்சமுமாக ஒருவர் வந்தார். அவரும் பாடினார். அவர்தான் சேமலை என்றபோது முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அருமைக்காரர் இல்லாமல் கல்யாணம் நடந்ததைப் பார்த்து முத்தாத்தாளுக்கு மனசே கேட்கவில்லை; இப்படிக் கட்டிக்கொண்டால் புருஷன் ஓடிப்போகாமல் என்ன செய்வான் என்றாள். கனகவேணி கதவுக்குக் கதவு நின்று பாடுவதையும் அவளால் ஏற்க முடியவில்லை. நாவலில் ஒரு தடவைகூடப் பாடாதவள். அன்றைக்கெல்லாம் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று பூவாத்தாள் சமாதானம் சொன்னாள்.

சாமியாத்தாள் படத்தைப் பார்க்கவில்லை. மயிலாத்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் கதவைச் சாத்தியதுமே மயிலாத்தாள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். திரையில் இன்னும் கிணறுகூட வந்திருக்கவில்லை.

கிணறு வந்தது. கனகவேணி விளிம்பில் ஏறி நின்று நீளமாக ஒரு விருத்தம் பாடினாள். பெண்கள் கயிறு எங்கே என்று தேடினார்கள். அவள் குதித்தாள். திரையில் தண்ணீர் தெறித்தது. ‘சுபம்’ வந்தது.

அப்புறம் முத்தாத்தாள் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பின்னால் ஒளி வந்த ஓட்டையைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்.

“ஏனுங் ஆப்பரேட்டரு, கடைசி ரீலு உட்டுப்போச்சுங்க. கொஞ்சம் பாத்து ஓட்டுங்க.”

ஆப்பரேட்டர் ரீல் முடிந்துவிட்டது என்றார். அப்படியானால் மோர் எங்கே என்று கேட்டாள் முத்தாத்தாள். மோர் வெளியே சோடாக் கடையில் கிடைக்கும் என்று அவர் சொன்னது வினையாகப் போயிற்று. சேமலைக்குக் கொடுத்த மோர் எங்கே என்று பூவாத்தாள் எழுந்தாள். அப்போதுதான் சாமியாத்தாள் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது. யாரென்றே தெரியாத சிங்காநல்லூர்ப் பெண்கள் நாலு பேர் பின்பெஞ்சில் எழுந்து நின்று, ஆமாங்க, எருமை எங்கீங்க, மோர் எங்கீங்க என்று கேட்டார்கள். சுப்பண்ணன் வீட்டுக் கதை அவர்கள் ஊர் வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது.

சாமியாத்தாளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா பெருமையா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மானேஜர் சங்குண்ணி நாயர் ஓடி வந்துவிட்டார். பாலக்காட்டுக்காரர், சாது மனுஷர்.

“அம்மே, நாவல்ல உள்ளது போலத்தான் படம் எடுத்திருக்கு.”

“இல்லீங்க சாமி. நாங்க நாவலை முழுசாக் கேட்டவிங்க. சாமியாத்தாக்கா, நீங்க சொல்லுங்க.”

எல்லாக் கண்களும் அவள் மேல் விழுந்தன. மயிலாத்தாளும் கண்ணைத் திறந்து பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது என்று சாமியாத்தாளுக்குத் தெரியும். “நாவல்ல அவ விழுகலீங்க” என்று சொன்னாள்.

நாயரின் முகம் வாடியது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். இத்தனை பெண்பிள்ளைகள் ‘ங்க’ போட்டுக் கேட்கும்போது என்ன செய்வார்? நாவலைக் கொண்டுவந்து காட்டினால் படக் கம்பெனிக்கே எழுதிக் கேட்பதாகச் சொன்னார். சாமியாத்தாள் அவசரமாக, தன் புத்தகத்தைத் தாராபுரத்துச் சொந்தக்காரர்களுக்கு இரவல் கொடுத்திருப்பதாகச் சொல்லித் தப்பித்தாள்.

“சாரமில்லை, போகட்டும். கண்ணாடிப் பெட்டியில உள்ளதை ஞானே நாளைக்குக் கொண்டு வரும்” என்றார் நாயர்.

அன்று இரவு சாமியாத்தாள் தன் புத்தகத்தைப் பருத்திக்கொட்டை மூட்டைக்குள் ஆழமாகப் புதைத்தாள். புதைத்து என்ன பயன் என்றும் தெரியவில்லை. ஊரில் எத்தனை புத்தகம் இருக்கிறது, எத்தனை மூட்டை இருக்கிறது?

மறுநாள் மத்தியானம் நாயர் மாலையோடு நாவலைச் சுமந்துகொண்டு வந்தார். ஆசாரத்தில் நிற்க இடமில்லை. சிங்காநல்லூர்ப் பெண்களும் வந்திருந்தார்கள். பாலுசாமி உடுமலைப்பேட்டைக்குப் பஞ்சு பார்க்கப் போயிருந்தது ஒன்றுதான் சாமியாத்தாளுக்கு ஆறுதல். பெருமையாகப் பேசிய வாயால் அவன் வேறு பேசுவதை இன்றைக்கே கேட்க வேண்டியதில்லை.

நாயர் புத்தகத்தைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடினார். தமிழ் பேச மட்டுமே தெரியும், வாசிக்கத் தெரியாது என்று கூச்சத்தோடு சொன்னார். சாமியாத்தாளின் நெஞ்சில் ஒரு சிட்டிகை காற்று நுழைந்தது. கையை நீட்டி, நானே படிக்கிறேன் என்றாள்.

அதைக் கெடுத்தது முத்தாத்தாள். அவளுக்குச் சாமியாத்தாளின் மேல் அத்தனை நம்பிக்கை.

“நீங்க படிச்சா, நம்ம பக்கமே சொல்லீட்டாங்கன்னு நாளைக்கு டாக்கீஸ்காரங்க சொல்லுவாங்க. வேற ஆரையாச்சும் படிக்கச் சொல்லி நம்ம மெய்ய நாட்டோணும்.”

வேறு யார்? தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் எழுத்துத் தெரியாது. மில்லுக்குப் போன ஆண்கள் சாயங்காலம் வருவார்கள், அதுவரை காத்திருக்கலாம் என்று முடிவாகப் போகிற நேரம். சாமியாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் இந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். “அது வந்துங்க...”

“நான் கொஞ்சம் எழுத்துக் கூட்டுவனுங்க” என்று தூணுக்குப் பக்கத்திலிருந்து மயிலாத்தாள் சொன்னாள்.

அவள் எழுந்து வந்து நாயரிடமிருந்து புத்தகத்தை வாங்கி, மாலையை எடுத்து முத்தாத்தாளின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். இவள் மட்டும் படிக்க வேண்டாம்.

மயிலாத்தாள் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திக்கித் திக்கி ஆரம்பித்தாள்.

“கனகவேணி... கயித்தை உட்டு... தண்ணி சேந்தினாள்.”

சாமியாத்தாள் நிமிர்ந்தாள்.

மயிலாத்தாள் படித்துக்கொண்டே போனாள். முகம் கழுவியது, இரண்டு கை அள்ளிக் குடித்தது, ரயிலடிக்கு நடந்தது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எருமை வாங்குகிற இடத்தில் விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். எவ்வளவு பாந்தமாக நடிக்கிறாள் என்று சாமியாத்தாள் வியந்தாள். சேமலை வந்தான். மோர் வந்தது. உப்பு இல்லை.

நாயர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சேமலை என்ற பெயரைக்கூட மாற்றிவிட்டார்களே படக் கம்பெனிக்காரர்கள் என்று வருந்தினார். பெண்களிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்டார். கம்பெனிக்கு எழுதுவது இருக்கட்டும், சாயங்காலக் காட்சியிலிருந்தே கனகவேணி விளிம்பில் ஏறுவதற்கு முன்னால் படத்தை நிறுத்திவிடுவதாகச் சத்தியம் செய்தார். சொன்னபடியே செய்தார். கோயமுத்தூரில் மட்டும் அந்தப் படத்தில் யாரும் சாகவில்லை. மற்ற ஊர்களைவிட இங்கே அதிக நாள் ஓடியதாகப் பாலுசாமி பிறகு பஞ்சுப்பேட்டையில் கேட்டுவிட்டு வந்து சொன்னான்.

நாயருக்குக் கச்சாயமும் மோரும் கொடுத்து அனுப்பினார்கள். பெண்கள் ஜெயித்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே கலைந்தார்கள். மயிலாத்தாள் மட்டும் சிதறிக் கிடந்த ரோஜா இதழ்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

சாமியாத்தாள் உள்ளே போய்ப் பருத்திக்கொட்டை மூட்டையிலிருந்து தன் புத்தகத்தைத் தோண்டி எடுத்துத் துடைத்தாள். அட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. பொய் சொன்னவளைக் காப்பாற்ற, எழுத்தே தெரியாத ஒருத்தி இத்தனை பேர் நடுவில் புத்தகத்தைக் கையில் பிடித்தாளே. இதற்கு எப்படி நன்றி சொல்வது? தன்னிடம் கொடுக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொடுக்கலாம் என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கண்ணு, மனப்பாடமாவே வெச்சிருக்கறயே அத்தனையும். நாளையிலிருந்து கொஞ்சம் நேரத்தோட வா. இதை வெச்சே உனக்கு எழுத்துச் சொல்லித் தாரேன்.”

மயிலாத்தாள் புத்தகத்தை வாங்கி, பஞ்சைத் தட்டிவிட்டு, கடைசி அத்தியாயத்தை நேராகத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். பிறகு மூடி, சாமியாத்தாளின் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

“வேண்டாமுங்க்கா. உடுமலைப்பேட்டையில இருந்தப்பவே இதை ரெண்டு வாட்டி படிச்சுப்போட்டனுங்க. அவ விழுகறதை உங்க வாயால ஒருக்காக் கேட்டுப்போட்டு நானும் அவ பின்னாலயே போயரலாம்னுதானுங்க அன்னிக்கு வந்தேன். நீங்கதான் அவளை விழுக உடலியே.”